படுகையில் தண்ணீர் ஏறிய சனிக்கிழமை

ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே கொள்ளிடத்தின் தென்கரை மேல் ஒரு சரளைப் பாதை மேற்கே போகிறது. இரண்டு முனையிலும் கல்தூண் நட்டுக் குறுக்கே இரும்புச் சங்கிலி போட்டிருப்பார்கள். பாசன இலாகாவின் ஜீப் வரும்போது மட்டும் சங்கிலி இறங்கும். அந்த ஜீப்பும் அபூர்வமாகத்தான் வரும். பஸ் கிடையாது, லாரி கிடையாது, மாட்டுவண்டிகூடக் கிடையாது. சைக்கிள்காரர்கள் வண்டியைப் படுக்கச் சாய்த்துச் சங்கிலிக்கு அடியில் நுழைத்து எடுத்துக்கொண்டு போவார்கள். போகும்போது இடது பக்கம் வாழைத் தோட்டங்கள். வலது பக்கம், கரைக்கும் ஆற்று மணலுக்கும் நடுவில், படுகை. கோரையும் நாணலும் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கும். பழைய வெள்ளங்கள் பறித்துவிட்டுப் போன பள்ளங்களில் தண்ணீர் தேங்கிக் கிடக்கும். கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே இழுத்துக்கொள்ளும் சேறு.

அந்தப் பாதையில்தான் நான் சைக்கிள் கற்றேன். ஐம்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி வந்த புதிது. மேலூருக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆரம்பப் பள்ளியில் எனக்கு வேலை. நடந்தால் தூரம். வாழைத்தார் ஏற்றிய லாரிகள் போகிற ரோட்டில் நடக்கவும் எனக்குப் பயம். சைக்கிள் யோசனை என் கணவருடையது. திருச்சியில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா அவர். அதிகம் பேசமாட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கிருந்தோ ஒரு லேடீஸ் சைக்கிளை வாடகைக்கு எடுத்து வந்து, என்னைக் கரைக்கு அழைத்துப் போனார்.

“நேரா பாரு. கீழ பாக்காத.”

“நேரா பாத்தாத்தாங்க விழறேன்.”

“அப்ப கண்ண மூடிக்க. எப்படியும் விழத்தான போற.”

சரளையில் விழுந்து முழங்கை சிராய்த்தது, சேலை செயினில் மாட்டிக் கிழிந்தது. ஆனால் பார்க்க யாரும் இல்லை. ஆண்களுக்கு ரோட்டில் பயப்பட வேண்டியது வண்டிகளுக்கு மட்டும்தான். சைக்கிளில் ஏறிய பெண்ணுக்கு அதைவிடப் பெரிய நெரிசல் கண்கள். கரையில் அந்த நெரிசல் இல்லை. கொக்குகளும், மதகைக் காவல் காக்கிற லஸ்கரும்தான். அவரும் என்னைப் பார்த்தால் தடியைத் தூக்கிக்கொண்டு சத்தம் போடுவார்.

“டீச்சரம்மா, பெல்லாவது அடிச்சுட்டு வாங்க. நாரையெல்லாம் பயந்துபோய் அக்கரைக்கு ஓடுது. கேட்டா நான்தான் வெரட்டினேம்பாங்க!”

வருடக்கணக்காக அந்தப் பாதையில் பள்ளிக்குப் போய்வந்தேன். பெண் பிறந்தாள். முதலில் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். பிறகு என் சைக்கிளிலேயே எட்டாத பெடலை எட்டி மிதிக்கப் பழகினாள். பத்து வயதில் அவளுக்கென்று ஒரு சின்ன சைக்கிள், பழையதுதான், வாங்கிக் கொடுத்தோம். ஒரே நிபந்தனை போட்டேன்: பஸ் ரோட்டுக்குப் போகக் கூடாது. கரையில் எவ்வளவு வேண்டுமானாலும் ஓட்டிக்கொள்ளலாம். எனக்கு எதைக் கண்டாலும் பயம். அவள் தும்மினால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன், கிணற்றுப் பக்கம் போனால் பின்னாலேயே போவேன். அப்படிப்பட்ட நான் அந்த ஒரு பாதையில் மட்டும் அவளைத் தனியாக விட்டேன். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் என்ன ஆபத்து வந்துவிடும் என்று நினைத்தேன்.

கரையில் ஓட்டும்போது அவள் முகம் வேறாக இருக்கும். வீட்டில் அதிர்ந்து பேசாத பெண். சரளையில் சக்கரம் கரகரக்க ஆரம்பித்தால் உரக்கப் பாடுவாள், தன்னோடு தானே பேசுவாள், எதற்கோ சிரிப்பாள்.

என் நாத்தனார், கணவரின் அக்கா, பக்கத்துத் தெருவில் இருந்தார். அவருக்கு ஒரு பெண், ஒரு பையன். அந்தப் பெண் என் மகளைவிட இரண்டு வயது மூத்தவள். அவளிடமும் சைக்கிள் இருந்தது. லீவு நாட்களில் இரண்டு பேரும் சேர்ந்து கரைக்குப் போவார்கள். என் மகளுக்குப் பதினொரு வயது நடந்த கோடையில் அந்தப் பெண் பெரியவளானாள். தாய்மாமன் என்ற முறையில் என் கணவர்தான் பச்சைத் தென்னங்கீற்றில் குடிசை கட்டினார். புட்டும் உளுந்தங்களியும் செய்தார்கள், சடங்கு சுற்றினார்கள், தெருவே வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. சடங்கு முடிந்த மறுவாரம் அவள் சைக்கிளைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார்கள்.

என் பெண் அத்தையிடம் போய் நேராகவே கேட்டிருக்கிறாள். “அப்ப அக்காவுக்கு, அத்தை?”

“அக்காவுக்கு இனிமே எதுக்குடி சைக்கிள்? சர்க்கஸ்ல சேரப் போறாளா?” என்று அவர் சிரித்தாராம். “உனக்கும் இருக்கு. இன்னும் எத்தன நாளைக்கு ஓட்டுவ? ஓட்டிக்க, ஓட்டிக்க. உன்னுதையும் எம் பையனுக்கே எடுத்து வெச்சிருக்கேன்.”

கேலியாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து என் பெண் அதை என்னிடம் ஒப்பித்தாள். நான் இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். “அத்தை சும்மா சொல்றாங்க” என்றேன். அவள் போய்ச் சைக்கிளைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆவணி மாதம். மேட்டூர் நிரம்பிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். காவிரியில் தண்ணீர் இரு கரையும் தொட்டு ஓடியது. கொள்ளிடம் மட்டும் வெறும் மணலாகக் கிடந்தது. உபரி வந்தால் முக்கொம்பில் கொள்ளிடத்துக்குத் திறந்துவிடுவார்கள். அதற்கு முன்னால் தெருக்களில் தண்டோரா போடுவது வழக்கம்.

அந்தச் சனிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை. காலையில் பலகாரம் சாப்பிட்டதும், “மதகு வரைக்கும் போயிட்டு வரேம்மா” என்றாள். வெளிர் நீலப் பாவாடை, வெள்ளைச் சட்டை. பின்னலை நான்தான் போட்டுவிட்டேன். போய்க் கொஞ்ச நேரம் கழித்துத் தமுக்குச் சத்தம் கேட்டது. வாசலுக்கு வந்தேன்.

“கொள்ளிடத்துல தண்ணி வருது! ஆடு மாட்டை ஏத்திக்குங்க! தொவைக்கப் போனவங்க, புல்லறுக்கப் போனவங்க எல்லாரும் கரையேறிடுங்க!”

கேட்ட முதல் நிமிஷம் பயம் வரவில்லை. அவள் ஆற்றில் இறங்கமாட்டாள், கரைமேல்தானே ஓட்டுகிறாள் என்று உள்ளே போய்விட்டேன். சாதம் வடித்தேன். குழம்பைக் கூட்டி வைத்தேன். அப்புறம்தான் மெதுவாக உறைத்தது. தமுக்கு தெருத்தெருவாகப் போகிறது. கரைமேல் யாருக்காகப் போய் அடிப்பார்கள்? அங்கேதான் யாருமே இல்லையே. அடுப்பை அணைத்துவிட்டு என் சைக்கிளை எடுத்தேன்.

சங்கிலியைத் தாண்டிக் கரையில் ஏறியதும் பாதை விசித்திரமாகத் தெரிந்தது. சரளை முழுவதும் நெளிந்தது. எறும்பு, வண்டு, பிள்ளைப்பூச்சி, பெயர் தெரியாத பூச்சிகள் எல்லாம் படுகையிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தன. ஓர் எலி என் சக்கரத்துக்கு முன்னால் ஓடிக் குறுக்கே கடந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு சாரைப் பாம்பு நடுப்பாதையில் நீளமாகக் கிடந்தது. பெல் அடித்தேன். அது அவசரமில்லாமல் வாழைத் தோட்டத்துக்குள் இறங்கியது. வலது பக்கம் பார்த்தால் படுகை எப்போதும்போல் பச்சையாகத்தான் நின்றது. ஆனால் அதற்குள்ளிருந்து ஒரு சத்தம். காய்ந்த மணலில் தண்ணீர் பரவும்போது மணல் காற்றை விடும். தோசைக்கல்லில் நீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம், ஆனால் ஓயாமல், ஆற்றின் அகலத்துக்கு. இன்றும் அடுப்படியில் அந்தச் சத்தம் எழும்போது என் கை நின்றுவிடுகிறது.

மதகுக்குச் சற்று முன்னால் அவள் சைக்கிளைப் பார்த்தேன். ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கவில்லை. கரைச் சரிவில் படுக்க வைத்து, மேலே பிடுங்கிய நாணலைப் பரப்பி மறைத்திருந்தது. ஹேண்டில்பாரில் நான் கட்டிக் கொடுத்த சிவப்பு நூல் குஞ்சம் மட்டும் வெளியே தெரிந்தது. இறங்கி நாணலை விலக்கினேன். சீட்டில் ரத்தம்.

நிறைய இல்லை. காயத் தொடங்கிய ஒரு கறை.

நான் படித்தவள், ஒரு பெண்ணைப் பெற்றவள். அந்தக் கறைக்குச் சாதாரணமான ஒரு காரணம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. விழுந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பிறகு, விழுந்தவள் சைக்கிளை மூடி வைக்கமாட்டாளே என்று நினைத்தேன். வேறு யாரோ மூடி வைத்திருக்கிறார்கள். அதற்கப்புறம் நினைத்தவற்றை எழுத முடியாது. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். குரல் நாணலுக்குள் போய் அப்படியே நின்றுவிட்டது. எதிரொலிகூட இல்லை.

லஸ்கர் ஓடி வந்தார். சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அன்று கேலி எதுவும் இல்லை.

“காலைல பெல் அடிச்சுக்கிட்டுப் போச்சுங்க பாப்பா. திரும்பி மதகைத் தாண்டினதைப் பாத்தேன், அதுக்கப்புறம் பாக்கல. மதகுலதான் நின்னுக்கிட்டிருந்தேன். வேற ஒருத்தரும் இந்தப் பக்கம் வரலீங்க, சத்தியமா.”

“அப்ப எங்க போனா? எங்கங்க போனா?”

அவர் தடியால் கோரையை அடித்துக்கொண்டே இறங்கினார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். இரண்டு பேரும் மாறிமாறிக் கூப்பிட்டோம். “பாப்பா! ஏ பாப்பா!” என்று அவர் போட்ட கூப்பாட்டில் கொக்குகள் எழுந்து பறந்தன. பதில் இல்லை. கால் வைத்த இடத்திலெல்லாம் தண்ணீர் ஊறியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நாணல் தூர்களுக்கு நடுவில் நுரையும் சருகுமாக ஒரு நாக்கு நுழைந்து வந்தது.

லஸ்கர் நின்றார். “டீச்சரம்மா, நான் போய் ஷட்டரை எறக்கணுங்க. எறக்கலன்னா தண்ணி எதுத்துக்கிட்டு வாழைக்குள்ள பூந்துடும். எறக்கிட்டு ரெண்டு ஆளக் கூட்டிக்கிட்டு வரேன். நீங்க கரைக்கு ஏறிடுங்க. இங்க நிக்காதீங்க.”

அவர் போய்விட்டார். நான் கரைக்கு ஏறவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. திரும்பக் கூப்பிட வாயைத் திறந்தேன். அப்போது, பத்தடி தூரம்கூட இருக்காது, நாணலுக்குள்ளிருந்து ஒரு குரல் மிக மெதுவாகக் கேட்டது.

“அம்மா, அவர் போயிட்டாரா?”

எங்கள் கூப்பாடு எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

நாணலை விலக்கிக்கொண்டு பார்த்தேன். எனக்கு முன்னால் ஒரு பழைய பள்ளம். அதில் இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தாள். பாவாடையைத் துவைத்திருக்கிறாள், திரும்பத் திரும்பத் துவைத்திருக்கிறாள். உதடெல்லாம் வெளுத்துப் போயிருந்தது.

“அடி பட்டுச்சா?”

“இல்ல.”

“யாராவது ஏதாவது…”

“இல்லம்மா. அக்காவுக்கு வந்தது எனக்கும் வந்துடுச்சு.”

அழுகையும் சிரிப்புமாகக் கையை நீட்டினேன். “அவ்வளவுதானேடி. வா, வெளிய வா. தண்ணி வருது.”

“வரமாட்டேன். நீ வீட்டுக்குப் போ. சாயங்காலத்துக்குள்ள நின்னுடும். அப்புறம் வரேன். நீ பாக்கலன்னு வெச்சுக்க.”

“அது சாயங்காலம் நிக்காது கண்ணு. நாலஞ்சு நாள் ஆகும்.”

இதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவள் முகம் உடைந்தது. காலையிலிருந்து அந்தச் சேற்றில் அவள் காத்துக்கொண்டிருந்தது அது நிற்பதற்காக. நின்றதும் பாவாடையைக் காயவைத்து, சைக்கிளில் ஏறி, எதுவும் நடக்காததுபோல் வீட்டுக்கு வர இருந்தாள்.

“அப்ப சைக்கிள்?” என்றாள்.

பள்ளத்துக்குள் புதுத் தண்ணீர் விழ ஆரம்பித்திருந்தது. அவளுக்கு இடுப்பில் இருந்தது விலாவுக்கு வந்தது.

“யாருக்கும் குடுக்கமாட்டேன்னு சொல்லு.”

“குடுக்கமாட்டேன். வாடி.”

“அத்தை கேட்டா?”

“அத்தை கேட்டாலும் குடுக்கமாட்டேன்.”

“அப்பா குடுத்துடுன்னு சொன்னா?”

நான் பேசாமல் நின்றேன். ஒரு மூச்சு நேரம்தான் இருக்கும். என் கணவர் அக்கா பேச்சைத் தட்டியதில்லை. அவர் சொன்னால் என்னால் மறுக்க முடியுமா என்று நான் உண்மையாகவே யோசித்தேன். தண்ணீரில் நிற்கிற குழந்தையிடம் எதையாவது சொல்லிக் கூட்டி வர வேண்டியதுதானே? அந்த நேரத்தில் எனக்கு அது வரவில்லை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டு, ஓர் அடி பின்னால் வைத்தாள்.

“அப்பா சொன்னாலும்!” என்று கத்தினேன். “அப்பா சொன்னாலும் குடுக்கமாட்டேன்!”

அவள் என்னை நோக்கிக் காலை எடுத்து வைத்தபோது அடியில் மணல் சரிந்தது. தலை மறைந்தது. நான் குதித்தேன் என்று சொல்ல முடியாது, விழுந்தேன். கையில் முதலில் அகப்பட்டது பின்னல். இழுத்தேன். நாணல் தூரைப் பிடித்துக்கொண்டு இருவரும் எப்படி ஏறினோம் என்று எனக்குத் தெரியாது. கரைமேல் வந்து சேர்ந்தபோது என் உள்ளங்கை இரண்டும் கிழிந்திருந்தன. லஸ்கர் இரண்டு பேரோடு ஓடி வந்தார். என் சேலைத் தலைப்பை அவள்மேல் சுற்றி, “வழுக்கி விழுந்துட்டா” என்றேன். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

அவளை என் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டே வீடு வந்தேன். ஓட்ட எனக்குத் தைரியம் இல்லை. வழியெல்லாம் பூச்சிகள் இன்னும் ஏறிக்கொண்டிருந்தன.

பிற்பகலில் அலுவலகத்திலிருந்து வந்த என் கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், அந்த ஒரு மூச்சு நேரத்தைத் தவிர. அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் கரைக்குப் போய்ச் சின்ன சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கொல்லையில் நிறுத்தி, ஒரு வாளித் தண்ணீர் எடுத்து, சீட்டைத் தானே கழுவினார். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தார். பிறகு பழைய வேட்டித் துணியால் துடைத்து உலர்த்தினார். அதற்குள் செய்தி கேட்டு வெற்றிலைத் தட்டோடு நாத்தனார் வந்துவிட்டார்.

“என்ன டீச்சரம்மா, உம் பொண்ணு ஆத்துலயே தலைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு வந்துட்டாளாமே! எங்களுக்கு வேலை வெக்கல” என்று ஆரம்பித்தார். கொல்லையைப் பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார், “நல்லாத் தொடச்சு வெய்யி. எம் பையன் வந்து எடுத்துக்கிட்டுப் போவான். அக்காவோடது பெடல் போயிடுச்சுன்னு கெடந்து மொனகிக்கிட்டிருக்கான்.”

நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் சொன்னார், தலையை நிமிர்த்தாமல்: “அவனுக்குப் பெடல் மாத்திக் குடு அக்கா. இது அவளோடது.”

அவ்வளவுதான். நாத்தனார்கூடச் சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனார். நான் தண்ணீரில் நின்று யோசித்துத் தவித்த அந்தக் கேள்விக்கு அவ்வளவு சின்னப் பதில் இருந்திருக்கிறது. அன்று ராத்திரி மட்டுமல்ல, அதற்கப்புறம் எத்தனையோ ராத்திரி அந்த மூச்சு நேரம் திரும்ப வந்தது. கனவில் நான் பதில் சொல்வதே இல்லை. அவள் ஓர் அடி பின்னால் வைப்பாள், இன்னோர் அடி வைப்பாள், நான் உண்மையைத்தான் பேச வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நிற்பேன்.

சடங்கு முடிந்தது. தாவணி போட்டாள். புரட்டாசியில் வெள்ளம் வடிந்து, படுகை முழுவதும் வண்டல் படிந்து வெடிப்பு விட்டிருந்தது. ஒரு சாயங்காலம் அவள் சைக்கிளை வெளியே எடுத்தாள். என் முகத்தைப் பார்த்து அனுமதி எதுவும் கேட்கவில்லை. சொன்ன வார்த்தை சொன்னதுதானே. நானும் தடுக்கவில்லை. ஆனால் அவள் தெருமுனை திரும்பியதும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கரையில் ஐம்பது கஜம் இடைவெளி விட்டு ஓட்டினேன். சரளையில் என் சக்கரச் சத்தம் அவளுக்குக் கேட்காமல் இருக்குமா? அவள் பாடவில்லை. மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, நடுப்பாதையில் இறங்கி நின்றாள். நான் பக்கத்தில் போகும் வரை காத்திருந்தாள்.

“அம்மா, நீ எப்பவும் இப்படியே வரப் போறியா?”

“நான் பாட்டுக்கு வரேன். நீ பாட்டுக்குப் போ.”

“நீ இப்படி வர்றதுக்கு, அத்தைகிட்டயே குடுத்திருக்கலாம்மா.”

கோபமாகச் சொல்லவில்லை. நிதானமாக, பெரிய மனுஷி மாதிரிச் சொன்னாள். சொல்லிவிட்டு ஏறி மிதித்தாள். நான் தொடர்ந்து போவதற்காகப் பெடலில் கால் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். வண்டியைத் திருப்பி, அவள் இருக்கும் திசைக்கு முதுகு காட்டி ஓட்டிக்கொண்டு வந்தேன். அந்தக் கரையில் நான் ஓட்டியதிலேயே கஷ்டமான தூரம் அது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது.

அன்று அவள் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் வந்தாள். அதுவரை நான் வாசலில் நின்றேன். கொல்லைக்குப் போனேன், திரும்ப வாசலுக்கு வந்தேன். சைக்கிளை உள்ளே ஏற்றும்போது பார்த்தேன், பாவாடையின் ஓரம் ஒரு சாண் அகலத்துக்கு ஈரமாக இருந்தது.

“எங்க நனைஞ்சுது?”

“மதகுகிட்ட. கால் கழுவினேன்.”

எந்தப் பக்கம் இறங்கினாய், எவ்வளவு ஆழம், வழுக்கவில்லையா, லஸ்கர் இருந்தாரா, ஏன் இவ்வளவு நேரம் என்று எல்லாம் வாய் வரைக்கும் வந்தது. கதவு நிலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

“சரி” என்றேன். “சாப்பிட வா.”